கடலோடிகளை நாயகர்களாகக் கொண்டாடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலம்பஸ், வாஸ்கோ ட காமா, குக் என்று பேச்சு எடுத்தாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் மாவீரன் என்கிறார்கள், மறுபக்கம் கொலைகாரன் என்கிறார்கள். ஆனால் இரண்டு பக்கமும் கேட்கிற சந்தேகங்கள் ஆண்டுக்கணக்கில் மாறவே இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஸ்கூல்ல கொலம்பஸ் பெரிய ஆளுன்னுதானே படிச்சோம்? இப்ப திடீர்னு என்ன பிரச்சினை?

திடீர் என்று ஒன்றும் இல்லை, அவர் உயிரோடு இருந்தபோதே தொடங்கிய பிரச்சினை இது. 1500இல் ஸ்பெயின் அரசு அனுப்பிய பிரான்சிஸ்கோ டி பொபடில்லா என்ற அதிகாரி ஹிஸ்பானியோலா தீவுக்கு (இன்று அங்கே ஹைட்டி, டொமினிக்கன் குடியரசு என்று இரண்டு நாடுகள்) வந்து இறங்கி, புகார்களை விசாரித்து, ஆளுநராக இருந்த கொலம்பஸையும் அவருடைய தம்பிகளையும் விலங்கு மாட்டிக் கப்பலேற்றி அனுப்பினார். அரசரும் அரசியும் விலங்கைக் கழற்றினார்கள், நான்காவது பயணத்துக்கு அனுமதியும் கொடுத்தார்கள், ஆனால் ஆளுநர் பதவியை மட்டும் அவரிடம் திருப்பித் தரவில்லை.

நாம் பாடப்புத்தகத்தில் பார்த்த கொலம்பஸ் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா தனக்காகச் செதுக்கிக்கொண்டவர். பிரிட்டனிடமிருந்து பிரிந்து வந்த நாட்டுக்கு, பிரிட்டிஷ்காரர் அல்லாத ஒரு மூதாதை வேண்டியிருந்தது, அதற்கு இவர் பொருந்திவந்தார். 1892இல் நானூறாவது ஆண்டு விழா அமர்க்களப்பட்டது. ஐந்நூறாவது ஆண்டான 1992இல் நிலைமை வேறு: கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் கொலம்பஸ் நாளைப் பூர்வகுடிகள் நாளாக அறிவித்தது.

உலகம் உருண்டைன்னு நிரூபிச்சவர் அவர்தானே? அதுக்காவது பாராட்டலாமே?

இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்கர் பூமியின் சுற்றளவைக் கணக்குப்போட்டுவிட்டார். கொலம்பஸ் காலத்துப் படித்தவர்கள் யாரும் பூமி தட்டை என்று நம்பவில்லை. "தட்டை என்று சொன்ன மூடர்களை எதிர்த்துப் போராடினார்" என்ற கதை, 1828இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய வாழ்க்கை வரலாற்றால் பரவியது.

உண்மையில் நடந்தது இதற்கு நேரெதிர். அவருடைய திட்டத்தைப் பரிசீலித்த ஸ்பெயின் அறிஞர்கள் "நீ சொல்வதைவிட ஆசியா ரொம்பத் தூரம்" என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி. கானரித் தீவுகளிலிருந்து ஜப்பானுக்குச் சுமார் 4,000 கிலோமீட்டர் என்று இவர் நினைத்தார், உண்மையான தூரமோ 19,000ஐத் தாண்டும். நடுவில் யாரும் எதிர்பார்க்காத ஒரு கண்டம் இருந்ததால் பிழைத்தார். ஆனால் அட்லாண்டிக் காற்றை அவர் படித்த விதம், போகும்போது தெற்கே இறங்கிப் போய் வரும்போது வடக்கே ஏறி வந்த அந்த வழி, அதெல்லாம் அசல் மாலுமியின் வேலை. பாராட்ட வேண்டுமானால் அதைப் பாராட்டுங்கள்.

அப்படி என்னதான் தப்பு பண்ணார்? எதிரிங்க கட்டிவிட்ட கதையா இருக்கலாம்ல?

எதிரிகள் எழுதியதை ஒதுக்கியே பேசலாம். 1492 அக்டோபர் 12 அன்று பஹாமாஸ் தீவு ஒன்றில் இறங்கினார், அங்கிருந்தவர்கள் அன்போடு வரவேற்றார்கள். இரண்டு நாள் கழித்து, ஐம்பது ஆட்கள் இருந்தால் இவர்கள் எல்லோரையும் அடக்கி வேண்டியதைச் செய்ய வைக்கலாம் என்று குறித்து வைக்கிறார். இது அவருடைய நாட்குறிப்பிலேயே இருப்பது. 1495இல் ஹிஸ்பானியோலாவில் அந்தத் தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்களில் சுமார் 1,600 பேரைப் பிடித்து, அதில் 550 பேரை அடிமைகளாக ஸ்பெயினுக்குக் கப்பலேற்றியதையும், வழியில் 200 பேர் செத்து உடல்களைக் கடலில் வீசியதையும் எழுதிவைத்தவர் மிக்கேல் டி கூனியோ. அவர் கொலம்பஸின் நண்பர், அதே கப்பல் கூட்டத்தோடு போனவர்.

எனக்கு மறக்கவே முடியாதது அந்தச் சலங்கை விஷயம்தான். வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் சின்னஞ்சிறு பித்தளைச் சலங்கைகளை முதல் பயணத்தில் பரிசாகக் கொடுத்தார்கள், தைனோ மக்களுக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்துப்போனது. சில ஆண்டுகளில் அதே சலங்கை வரி அளக்கும் படியாகிவிட்டது. தங்கம் கிடைக்கும் பகுதியில் 14 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு சலங்கை நிறையத் தங்கத்தூள் கொடுக்க வேண்டும், மற்ற இடங்களில் இருப்பவர்கள் 25 ராத்தல் பஞ்சு. கட்டியவர்கள் அதற்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு உலோக வில்லையைத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும், வில்லை இல்லாமல் பிடிபட்டால் தண்டனை. இதை எழுதியவர் கொலம்பஸின் சொந்த மகன் ஃபெர்னாண்டோ, அப்பாவைப் புகழ்ந்து எழுதிய புத்தகத்தில்.

அந்தக் காலத்து மனுஷனை இந்தக் காலத்து அளவுகோலால அளக்கலாமா?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. சரி, அந்தக் காலத்து அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். 1500இல் அரசி இசபெல்லாவே, தீவுகளிலிருந்து கொண்டுவந்து விற்கப்பட்டவர்களை விடுவித்துத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டார். 1511 டிசம்பரில் ஹிஸ்பானியோலாவின் சாந்தோ தொமிங்கோ நகரத் தேவாலயத்தில் அந்தோனியோ டி மோந்தெசினோஸ் என்ற துறவி மேடையேறி, இவர்கள் மனிதர்கள் இல்லையா, எந்த உரிமையில் இவர்களை இப்படி வதைக்கிறீர்கள் என்று கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் அன்றைய ஆளுநர் தியேகோவும் உண்டு, அவர் கொலம்பஸின் மூத்த மகன். கோபத்தோடு போய் முறையிட்டார்கள். அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தால், துறவி அதையே இன்னும் அழுத்திச் சொன்னார்.

பார்த்தலோமே டி லாஸ் காசாஸ் அதே தீவிலும் பிறகு கியூபாவிலும் பூர்வகுடிகளை வேலை வாங்கிய நிலக்காரராக இருந்தவர். 1514இல் அதைத் துறந்து, மிச்ச ஆயுளை அவர்களுக்காக வாதாடுவதில் கழித்தார். (அவரும் மாசற்றவர் இல்லை, ஆரம்பத்தில் அவர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னார், பின்னாளில் அதை நினைத்து வருந்தி எழுதினார்.) ஆக அடிமைப்படுத்துவது தவறு என்று சொல்ல அந்தக் காலத்திலேயே ஆள் இருந்தது. அப்புறம், "அந்தக் காலத்து மனிதர்கள்" என்று சொல்லும்போது தைனோ மக்களை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லையே, அவர்களும் 1495இல் வாழ்ந்தவர்கள்தான், அவர்களுடைய அளவுகோல் என்ன சொல்லியிருக்கும்?

முக்காவாசிப் பேர் அம்மை மாதிரி நோயில செத்தாங்க. கிருமிக்கு அவர் என்ன செய்வார்?

அமெரிக்கக் கண்டங்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டால் நோய்தான் பெரிய கொலையாளி, அதில் வாதமில்லை. யாரும் வேண்டுமென்றே கொண்டுவரவும் இல்லை, கிருமி என்று ஒன்று இருப்பதே அன்று தெரியாது.

ஆனால் ஹிஸ்பானியோலா கணக்கு இடிக்கிறது. அங்கே பெரியம்மை நுழைந்தது 1518 கடைசியில். அதற்கு முன்பே, 1514இல் வேலைக்குப் பங்குபோட எடுத்த கணக்கெடுப்பில் மிஞ்சியிருந்த தைனோ மக்கள் சுமார் 26,000 பேர். 1492இல் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஏகப்பட்ட தகராறு, ஆனால் பெரும்பாலானவர்கள் லட்சத்தில்தான் சொல்கிறார்கள். பெரியம்மைக்கு முன்பே வேறு காய்ச்சல்கள் வந்திருக்கும், உண்மை. ஆனால் தங்கம் அரிக்க ஆற்றங்கரைக்கு விரட்டப்பட்டு, மரவள்ளி நட ஆளில்லாமல் பட்டினி கிடந்த உடம்பு எந்தக் காய்ச்சலைத் தாங்கும்? நோயையும் கொடுமையையும் தனித்தனி வரிசையில் எழுத முடியாது.

வாஸ்கோ ட காமா வியாபாரத்துக்குத்தானே வந்தார்? அவரை ஏன் இதில் இழுக்கிறீங்க?

முதல் பயணத்தில் வியாபாரம்தான். 1498 மே மாதம் கள்ளிக்கோட்டைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தார். சாமூதிரி மன்னருக்குக் கொடுக்க அவர் எடுத்துவைத்த பொருட்களின் பட்டியல் அந்தப் பயணக் குறிப்பில் அப்படியே இருக்கிறது: கோடுபோட்ட துணி பன்னிரண்டு, சிவப்புத் தலைமூடி நான்கு, தொப்பி ஆறு, பவளச் சரம் நான்கு, கைகழுவும் கிண்ணம் ஆறு, ஒரு பெட்டி சர்க்கரை, எண்ணெயும் தேனும் இரண்டிரண்டு பீப்பாய். உலகத்துச் சரக்கெல்லாம் வந்திறங்கும் துறைமுகம் அது. பார்வையிட வந்த அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள், மெக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் கொடுப்பான் என்றார்கள்.

1502இல் திரும்பி வந்தபோது பீரங்கிகளோடு வந்தார். மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 'மிரி' என்ற பயணிகள் கப்பலை மறித்து, சரக்கைப் பறித்து, உள்ளே இருந்த நூற்றுக்கணக்கான பேரோடு சேர்த்துத் தீ வைத்தார். அவர்கள் பெரும் பணம் தருகிறோம் என்று பேசிப்பார்த்தார்கள். பெண்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டிக் கெஞ்சினார்கள். இதை எழுதியவர் தோமே லோபெஸ், அதே போர்த்துகீசியக் கப்பற்படையில் இருந்து கண்ணால் பார்த்தவர். 1998இல் ஐந்நூறாவது ஆண்டைக் கொண்டாடலாம் என்ற பேச்சு வந்தபோது கேரளத்திலும் கோவாவிலும் எதிர்ப்பு கிளம்பியதற்கு இந்தக் கப்பலும் ஒரு காரணம்.

சரி, ஆனா தைரியம்னு ஒண்ணு இருக்கே? அந்தக் கடல்ல போக உங்களால முடியுமா?

முடியாது. என்னால் மட்டுமல்ல, படிக்கிற நம்மில் யாராலும் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காமாவின் முதல் பயணத்தில் போனவர்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. ஈறு வீங்கிப் பல் உதிர்ந்து சாகும் ஸ்கர்வி நோய் அவர்களைத் தின்றது. ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டிய மகெல்லனோடு 1519இல் ஐந்து கப்பல்களில் கிளம்பியவர்கள் சுமார் 240 பேர், 1522 செப்டம்பரில் உலகைச் சுற்றி முடித்து 'விக்டோரியா' கப்பலில் வந்து இறங்கியவர்கள் 18 பேர்.

ஆனால் தைரியம் எல்லாப் பக்கமும் இருக்கிறது, கடற்கொள்ளைக்காரனிடமும் இருக்கிறது. நான் பார்ப்பது வேறு ஒன்றை: புயலில் எப்படி நின்றார் என்பதைவிட, கரையில் இறங்கிக் கை ஓங்கியபோது எப்படி நடந்துகொண்டார் என்பதை. கடலில் அவர் இயற்கையின் தயவில் இருக்கிறார். கரையில் பீரங்கி இவரிடம், எதிரே நிற்பவரிடம் ஈட்டி. அப்போது அவர் செய்கிற தேர்வுதான் அவருடையது. முதலாவதில் கொலம்பஸுக்கும் காமாவுக்கும் நல்ல மதிப்பெண் கொடுப்பேன், இரண்டாவதில் இருவரும் தேற மாட்டார்கள்.

இவங்க தனியாவா போனாங்க? கூடப் போனவங்க பேரே வரமாட்டேங்குதே?

நல்ல கேள்வி, ஆனால் குறைவாகத்தான் கேட்கிறார்கள். காமாவை ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இந்தியாவுக்கு நேராகக் கொண்டுவந்து சேர்த்தவர் மாலிந்தியில் ஏறிய ஒரு வழிகாட்டி. அவருக்கு அது தினசரிக் கடல், காமாவுக்குத்தான் புதுசு. பிரிட்டிஷ் கடற்படைக்காரரான குக் பசிபிக்கில் போனபோது கூட இருந்தவர் தூப்பையா, தாஹிதிக்குப் பக்கத்து ராயட்டேயா தீவுக்காரர். எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகளை நினைவிலிருந்தே சொல்லி வரைபடம் போட உதவினார், நியூசிலாந்தில் மாவோரி மக்களோடு பேச முடிந்ததே இவரால்தான். 1770இல் பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நோயில் இறந்துபோனார்.

மகெல்லன் கதை இன்னும் வினோதம். உலகைச் சுற்றி வந்தவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவரோ 1521இல் பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் அந்த ஊர்த் தலைவர் லாப்புலாப்புவின் ஆட்களோடு மோதி அங்கேயே இறந்தார், கப்பலைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவரோடு போன எல்கானோ என்ற மாலுமி. ஆனால் மகெல்லனின் அடிமையாக மலாக்காவிலிருந்து முன்பே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்ட என்ரிக்கே என்பவர், மேற்கு வழியாகச் சுற்றி வந்து தன் மொழி புரிகிற தீவுகளை அடைந்துவிட்டார். அங்கிருந்து அவர் மலாக்கா போய்ச் சேர்ந்திருந்தால் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான். தான் இறந்தால் அவருக்கு விடுதலை என்று மகெல்லன் உயில் எழுதியிருந்தார், அடுத்து வந்த தலைவர்கள் விட மறுத்தார்கள்.

கேப்டன் குக்கையும் இவங்களோட சேர்த்துத் திட்டுறது நியாயமா?

சேர்க்கக் கூடாது. எல்லோரையும் ஒரே சாக்கில் கட்டுவது சோம்பேறித்தனம். குக் அடிமை பிடிக்கவில்லை, தங்கம் கேட்கவில்லை. 1769இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க தாஹிதிக்குப் போனவர். அந்த முதல் பயணத்தில் ஸ்கர்வியால் ஒருவர்கூடச் சாகவில்லை. அவர் போட்ட வரைபடங்கள் தலைமுறைகளுக்குப் பயன்பட்டன.

ஆனாலும் மேலே நான்காவது கேள்வியில் சொன்ன விஷயம் இங்கேயும் வருகிறது. பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் தலைவர் மார்ட்டன் பிரபு கிளம்பும் முன்பே குக்கிடம் எழுதிக்கொடுத்தார்: போகிற இடத்து மக்கள்தான் அந்த நிலத்தின் இயற்கையான, சட்டப்படியான உரிமையாளர்கள், அவர்கள் ரத்தம் சிந்தக்கூடாது என்று. கடற்படை கொடுத்த உத்தரவிலும் மக்களின் சம்மதத்தோடு என்ற நிபந்தனை இருந்தது. 1769 அக்டோபரில் நியூசிலாந்தில் இறங்கிய சில நாட்களில் ஒன்பது மாவோரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மனிதத்தன்மை உள்ளவர்கள் என்னைக் குறைசொல்வார்கள் என்று குக்கே நாட்குறிப்பில் எழுதுகிறார். அதற்காக 2019இல் பிரிட்டனின் தூதர் அங்கே போய் வருத்தம் தெரிவித்தார். 1770 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை முழுவதையும் மன்னருக்குச் சொந்தமென்று அறிவித்தபோது யாருடைய சம்மதமும் கேட்கவில்லை. என் கணக்கில் அவர் தலைசிறந்த மாலுமி, நடுத்தரமான விருந்தாளி. கடைசியில் 1779இல் ஹவாயில், காணாமல்போன ஒரு படகுக்காக அங்கிருந்த அரசரையே பிணையாகப் பிடிக்கப்போய் உயிரை விட்டார்.

துருவப் பயணம் போனவங்க யாரையும் ஆளலையே? அவங்களாவது சுத்தம்தானே?

ஆளைப் பொறுத்தது. ராபர்ட் பியரி வட துருவப் பயணத்துக்குப் பேர்போனவர். 1897இல் அவர் கிரீன்லாந்திலிருந்து முப்பது டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு விண்கல்லை நியூயார்க்குக்குக் கப்பலேற்றினார், பின்னாளில் அது 40,000 டாலருக்கு விலைபோனது. அங்கத்திய பூர்வகுடிகளான இன்யூட் மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த விண்கற்களிலிருந்துதான் இரும்பு எடுத்துக் கத்தி செய்துவந்தார்கள். அதே கப்பலில் ஆறு இன்யூட் மனிதர்களையும் அழைத்து வந்தார். நியூயார்க்கில் ஒரு அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் தங்கவைத்தார்கள், சில மாதங்களில் நான்கு பேர் காசநோயில் இறந்தார்கள். அதில் ஒருவரான கிசுக்கின் மகன் மினிக் சின்னப் பையன். அவன் கண்முன்னே அப்பாவை அடக்கம் செய்வதுபோல் ஒரு சடங்கு நடத்தினார்கள், துணிக்குள் இருந்ததோ மரக்கட்டை. எலும்புக்கூடு அருங்காட்சியகத்தில் இருந்தது. இறந்த நான்கு பேரின் எலும்புகளும் கிரீன்லாந்துக்குத் திரும்பியது 1993இல்.

ஐரோப்பியர்களை மட்டும் ஏன் பிடிச்சுத் திட்டணும்? சீனாவோட செங் ஹே என்ன யோக்கியமா?

சீனப் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே 1405இலிருந்து 1433 வரை ஏழு முறை பெரும்படையோடு இந்தியப் பெருங்கடலைச் சுற்றினார். இலங்கையின் காலி நகரில் கிடைத்த, 1409 தேதியிட்ட அவருடைய கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்ற உள்ளூர்ச் சாமிக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. வந்த இடத்து ஆட்களின் சாமியை மதித்து அவர்கள் மொழியிலேயே பொறித்துவைக்கத் தோன்றியதே, அதற்கு ஒரு சபாஷ்.

ஆனால் அதே செங் ஹே 1411இல் அதே தீவில் போர் செய்து, அங்கே ஆண்ட அழகக்கோனாரைக் குடும்பத்தோடு பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். பேரரசர் பிறகு விடுவித்தார். குடியேற்றமோ தங்க வரியோ இல்லை, அந்த அளவில் கொலம்பஸோடு ஒப்பிட முடியாது. சமாதானத் தூதர் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவதும் சரியில்லை.

அப்போ கடாரம் கொண்ட ராஜேந்திர சோழனைப் பெருமையா பேசுற நாம கொலம்பஸைக் குறை சொல்லலாமா?

இதைக் கேட்பவர் பெரும்பாலும் வாயை அடைப்பதற்காகக் கேட்கிறார், ஆனாலும் கேள்வியில் சத்து இருக்கிறது. ராஜேந்திரன் புதுவழி தேடிப் போனவர் இல்லை, அந்த வழியில் தமிழ் வணிகர்கள் ஏற்கெனவே போய்வந்துகொண்டிருந்தார்கள். 1025 வாக்கில் "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" ஸ்ரீவிஜய (இன்றைய இந்தோனேசியா, மலேசியா பக்கத்து அரசு) மன்னனைப் பிடித்து, யானைகளையும் செல்வத்தையும் அள்ளி வந்ததை அவருடைய மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. அவருடைய அப்பா ராஜராஜன் காலத்தில் அதே ஸ்ரீவிஜய மன்னர் குடும்பம் நாகப்பட்டினத்தில் விகாரம் கட்ட ஊரே தானமாகக் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ஈழத்தில் மன்னன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், அவன் சிறையிலேயே இறந்தான். கொள்ளையைப் பற்றி இலங்கையின் பழைய நூல்கள் எழுதியிருக்கின்றன.

ஆக என் பதில்: ஆமாம், அதே அளவுகோல் இங்கேயும் செல்லும். கப்பற்படையைத் திரட்டி அவ்வளவு தூரம் நடத்திய திறமையைக் கண்டு வியக்கலாம், நானும் வியக்கிறேன். கொள்ளையைக் கொள்ளை என்று சொல்லவும் நமக்கு வாய் வரவேண்டும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு, சோழப் படையெடுப்பு ஒரு மக்கள் கூட்டத்தையே அடியோடு அழித்துவிடவில்லை. அதைச் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பதில் அர்த்தமில்லை.

சிலையை உடைச்சா வரலாறு மாறிடுமா?

மாறாது. சிலை வைத்தாலும் மாறாது. சிலை என்பது வரலாற்றுப் பாடம் இல்லை, அதில் தகவல் என்று பார்த்தால் ஒரு பெயரும் இரண்டு தேதியும்தான். ஒரு ஊர் யாரைத் தலைக்கு மேல் தூக்கிவைக்க விரும்புகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. விருப்பம் மாறினால் இறக்குவதும் அந்த ஊரின் உரிமை. ஆனால் அதை ராத்திரியில் ரம்பத்தோடு போய்ச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை, 2024 ஜனவரியில் மெல்பர்னில் குக் சிலையைக் கணுக்காலோடு அறுத்ததுபோல. மெக்சிகோ நகரம் 2020இல் கொலம்பஸை இறக்கிவிட்டு, பின்னாளில் பக்கத்திலேயே ஒரு பூர்வகுடிப் பெண்ணின் சிலையை நிறுத்தியது, அதை நகர நிர்வாகமே செய்தது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு மக்தானில் இருக்கிறது. மகெல்லனுக்கு ஸ்பானிய ஆட்சி 1866இல் எழுப்பிய நினைவுத்தூணை யாரும் இடிக்கவில்லை. அதே வளாகத்தில் அவரைத் தோற்கடித்த லாப்புலாப்பு வெண்கலத்தில் வாளோடு நிற்கிறார். ஊரின் பெயரே லாப்புலாப்பு நகரம்.

இவ்வளவு தெரிஞ்சும் இத்தாலிய அமெரிக்கர்கள் ஏன் கொலம்பஸை விட மாட்டேங்கிறாங்க?

அவர்களுக்கு அது கொலம்பஸைப் பற்றிய விஷயமே இல்லை. 1891இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து பதினோரு இத்தாலியர்களைக் கொன்றது. அடுத்த ஆண்டு அமெரிக்க அதிபர் ஹாரிசன் கொலம்பஸ் நாளைக் கொண்டாடச் சொன்னபோது, "நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான்" என்று சொல்ல அந்தச் சமூகத்துக்கு ஒரு பிடி கிடைத்தது. அந்த வலி உண்மையானது, கேலி செய்யக் கூடாது. அந்த வலிக்கு அடையாளமாக நிற்க வேறு இத்தாலியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

அப்ப யாரைத்தான் நாயகன்னு சொல்லலாம்? எல்லாரையும் தள்ளிட்டா மிச்சம் யாரு?

நிறைய பேர். நார்வேக்காரர் ஃபிரிட்யோஃப் நான்சன் 1888இல் கிரீன்லாந்தைப் பனிச்சறுக்கில் குறுக்கே கடந்தார். 1893இல் 'ஃபிராம்' கப்பலை வேண்டுமென்றே பனிக்கட்டிக்குள் சிக்கவைத்து மூன்று ஆண்டுகள் மிதக்கவிட்டு, பதின்மூன்று பேரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள். பிறகு முதல் உலகப் போருக்குப் பின் நாடில்லாமல் தவித்த அகதிகளுக்கு அவர் பெயரிலேயே ஒரு கடவுச்சீட்டு வந்தது, 1922இல் அமைதிக்கான நோபல் பரிசும் வந்தது. ஏழாவது பதிலில் சொன்னேனே, கை ஓங்கியபோது என்ன செய்தார் என்று, இவர் அதில் நன்றாகவே தேறுகிறார்.

குமாவுன் மலைக்காரரான நைன் சிங் ராவத்தையும் சொல்வேன். வெளியாட்கள் நுழைய முடியாத திபெத்துக்கு யாத்ரீகர் வேடத்தில் போய், 1866இல் லாசாவை அடைந்தார். தூரம் அளக்க ஜெபமாலையில் 108 மணிக்குப் பதில் 100, நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவார். குறிப்புகள் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள், உயரம் அறியக் கொதிக்கும் தண்ணீரில் வெப்பமானி. ஒரு துப்பாக்கிச் சூடு இல்லை. அனுப்பியது பிரிட்டிஷ் இந்தியாவின் நில அளவைத் துறை, அந்த வரைபடம் யாருக்குப் பயன்பட்டது என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது, அதனால் இவருக்கு முழு மதிப்பெண் போட எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆப்பிரிக்காவுக்குள் பயணம் செய்த ஸ்காட்லாந்துக்காரர் லிவிங்ஸ்டன் 1873இல் இறந்தபோது அவர் உடலை ஆயிரம் மைலுக்கு மேல் தூக்கி வந்து கடற்கரையில் சேர்த்தவர்கள் சூமா, சூசி என்ற இரண்டு ஆப்பிரிக்கர்களின் தலைமையில் வந்த கூட்டம். அவர்களுக்குத் தயக்கமே இல்லாமல் போடுவேன்.

கொலம்பஸ் போகலைன்னா வேற யாராவது போயிருப்பாங்க. அப்ப அவரைக் குறை சொல்லி என்ன லாபம்?

போயிருப்பார்கள், சந்தேகமே இல்லை. 1500இல் போர்த்துகீசியத் தளபதி கப்ரால் இந்தியாவுக்குக் கிளம்பி, அட்லாண்டிக்கில் மேற்கே ரொம்ப ஒதுங்கிப் போய் ஏப்ரலில் பிரேசிலில் முட்டி நின்றார். கொலம்பஸ் பிறக்காமலே இருந்தாலும் எட்டே ஆண்டுகளில் அந்தக் கரை ஐரோப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் இந்த வாதத்தை எடுப்பவர்கள் அதைப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். யார் போயிருந்தாலும் அதே நடந்திருக்கும் என்றால் பழி மட்டுமா குறைகிறது, புகழும் அதே அளவு குறைய வேண்டும். போய்ச் சேர்ந்தது தவிர்க்க முடியாதது என்று விட்டுவிட்டால் அவருக்கென்று மிஞ்சுவது போன இடத்தில் அவர் போட்ட உத்தரவுகள் மட்டும்தான். பின்னால் வந்த ஆளுநர் ஓவாண்டோ 1503இல் ஹிஸ்பானியோலாவின் சரகுவா பகுதியில் தைனோ தலைவர்களை ஒரு வீட்டுக்குள் வரவழைத்துக் கொன்று, அரசி அனகவோனாவைத் தூக்கிலிட்டார். அதனால் இவர் இல்லாவிட்டால் எல்லாம் நல்லபடியாக நடந்திருக்கும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஓவாண்டோவுக்குச் சிலை வைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை, அதனால் அவரைப் பற்றி எனக்குக் கேள்விகளும் வருவதில்லை.